யசோதா அக்காவின் கீரைப் பாத்தி

செவ்வாய்க்கிழமை காலையில் பள்ளிச் சமையல்கூடத்தில் அரிசியைக் களைந்து உலையில் போடப்போகும் நேரத்தில் போன் வந்தது. யசோதா அக்காவின் மகள்தான் பேசினாள். "சித்தி, அம்மா போய்ட்டாங்க" என்றாள். விடியற்காலையில் நெஞ்சு வலி வந்து, வேலூருக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டதாம்.

போனை வைத்துவிட்டு அரிசியைப் போட்டேன். பிள்ளைகள் சாப்பிட வேண்டும் அல்லவா. அடுத்து எனக்கு வந்த நினைப்பு நல்லதல்ல. இனிமேலாவது இந்தப் பள்ளிக்கூடத்தில் யாராவது என்னைத் தேடி வருவார்கள் என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் அழுதேன்.

படத்திறப்பு அன்று கொடுக்கும் நினைவு மலரில் அக்காவைப் பற்றி நான் எழுத வேண்டும் என்று தலைமை ஆசிரியை கேட்டார். "இத்தினி வருஷம் ஒரே அடுப்புல வெந்தவங்க நீங்க ரெண்டு பேரும். வேற யாரு எழுதறது?" என்றார். நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துப் பிழை இருந்தால் டீச்சர் திருத்துவார். சங்கதியை மட்டும் திருத்தக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அக்காவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆம்பூருக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரையில் இருக்கிறது எங்கள் நடுநிலைப் பள்ளி. அங்கே சத்துணவுக் கூடத்தில் நான் சமையலர், அவர் உதவியாளர். வயதில் அவர் மூத்தவர், வேலையில் நான் மேலே. இந்த வேலைக்கு வருமுன் அவர் தோல் பதனிடும் டேனரியில் பச்சைத் தோல்களில் உப்பு உதறிக்கொண்டிருந்தவர். உப்பு அரித்த தழும்பு விரல் இடுக்கில் கடைசிவரை இருந்தது.

சமையல்கூடத்துக்குப் பின்னால் கொஞ்சம் காலி இடம் உண்டு. வெயில் காலத்தில் அந்த மண் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிடும். சீமைக்கருவேலம் தவிர எதுவும் வராது. வேலைக்குச் சேர்ந்த வாரமே அக்கா அங்கே குந்தி, மண்ணை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"இன்னாக்கா, மண்ணைத் திங்கறீங்க?"

"ருசி பாக்கறேன். உப்பு ஜாஸ்தி. ஆனா கொழம்பு கெட்டுப்போவல குமாரி, சரி பண்ணிடலாம்."

சரி பண்ணினார். மழை பெய்தால் தண்ணீர் ஓடாமல் நிற்க வரப்பு கட்டினார். நிற்கும் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது உப்பையும் கீழே இழுத்துக்கொண்டு போகும் என்பார். காய்த்தோல், வாழைமட்டை, காய்ந்த இலை எல்லாவற்றையும் புதைத்தார். முட்டை ஓட்டை நொறுக்கித் தூவினார். என்னிடம் தினமும், "ஒன் தண்ணிய எனக்குக் குடு" என்று கேட்பார். அரிசி களைந்த தண்ணீரையும் முட்டை வேகவைத்த தண்ணீரையும் ஆறவைத்துக் கொடுப்பேன். முட்டை வெடிக்காமல் இருக்கச் சமையல்காரர்கள் உப்புப் போடுவது வழக்கம். செடிக்கு ஆகாது என்று அவர் சொன்னதால் நான் போடுவதை விட்டிருந்தேன்.

முதலில் பருப்புக்கீரை தானாக முளைத்தது. "இது உப்பைத் தாங்கிக்கும், பயப்படாது" என்று கொண்டாடினார். பிறகு தண்டுக்கீரையும் முருங்கையும் வந்தன. முருங்கைப் பூவுக்குத் தேனீ வந்தது. மண்ணில் புழு வந்ததும் அதைப் பொறுக்க மைனா வந்தது. நிழல் விழுந்த இடத்தில் மண் வெளுப்பது நின்றுபோனது.

ஒருநாள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். தண்ணீர் ஊற்றியும் ஒரு செடி ஏன் வாடுகிறது என்று ஒரு பெண் கேட்டாள்.

"மாங்காய்க்கு உப்பு போட்டு வெச்சா இன்னா ஆவும்?" என்று அக்கா திருப்பிக் கேட்டார்.

"தண்ணி வுடும்!"

"நீயா ஊத்துன? உள்ள இருக்கற தண்ணிய உப்பு வெளிய இழுக்குது. தோலுக்கு உப்பு போடறதும் அதுக்குத்தான், ஈரம் போனா அழுகிப்போவாது. மண்ணுல உப்பு ஏறிட்டா வேரால தண்ணிய உறிய முடியாது. தண்ணிலயே நின்னாலும் செடிக்குத் தாகம்தான்."

இத்தனை வருடம் பாடம் நடத்தியும் தனக்கே இப்படிப் புரிந்ததில்லை என்று அறிவியல் டீச்சர் கைதட்டினார். நான் சாம்பாரைக் கிண்டிக்கொண்டு நின்றேன். அந்த வாரம் மாங்காய்க்கு உப்புப் போட்டு வைத்தது நான். ஜாடியைத் திறந்து பார்த்துவிட்டுப் போய்த்தான் அவர் பாடம் சொன்னார்.

என் முகம் போன போக்கைக் கண்டு அக்கா சிரித்தார். "இலை வெயிலை வெச்சே சமைக்குது. அது ஆக்குனதைத்தான் ஆடும் மாடும் நாமளும் திங்கறோம். புகையே இல்லாத அடுப்பு. ஒன்ன வுடப் பெரிய சமையல்காரி குமாரி அது." அவருக்கு அது வேடிக்கை. எனக்கு அன்றைக்கு இலை மேலேயும் பொறாமை வந்தது.

கீரை போட்ட நாளில் பிள்ளைகள் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள். ஆக்கியது நான். அவர்கள் அதற்கு வைத்த பெயர் "யசோதாம்மா சாம்பார்". பர்வீன் என்ற பிள்ளையின் அம்மா நடுவதற்குப் புதினாக் காம்பு கொண்டுவந்தவர், அடுப்படியில் என்னைப் பார்த்து, "யசோதாம்மா இல்லியா? நீங்க ஹெல்பரா?" என்று கேட்டார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன கோடையில், பள்ளித் தோட்டத்தைப் பார்க்க மேலிடத்திலிருந்து வருகிறார்கள் என்றார்கள். பாத்திக்குப் பக்கத்தில் அக்காவை நிறுத்திப் போட்டோ எடுப்பதாகப் பேச்சு. நானும் நல்ல புடவை கட்டி வரட்டுமா என்று கேட்டேன். "நீங்க சமையலைப் பாத்துக்கங்க" என்றார்கள்.

அந்த வாரம் முட்டைக்கு உப்புப் போட்டேன். ஒரு நாளைக்கு இரண்டு கைப்பிடி. ஆறவைத்து, அதே குண்டானில், அதே மாதிரி அக்கா கையில் கொடுத்தேன். அவர் விரல் விட்டு ருசி பார்க்கவில்லை. மண்ணை ருசி பார்ப்பவர், நான் கொடுத்த தண்ணீரை ஒருநாளும் ருசி பார்த்ததில்லை. ஆறாம் நாள் தண்டுக்கீரையின் இலை ஓரமெல்லாம் தீய்ந்து, தண்டு சாய்ந்துவிட்டது. வந்தவர்கள் பார்த்துவிட்டு, டேனரிக் கழிவுத் தண்ணீர் நிலத்தில் ஏறிவிட்டது என்று எழுதிக்கொண்டு போனார்கள். யசோதாம்மா கை ராசி போய்விட்டது என்று ஊரில் பேசினார்கள்.

பார்க்க வந்தவர்கள் போன பிறகு அக்கா அந்த மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தார். நேராக அடுப்படிக்கு வந்தார்.

"குமாரி, முட்டைக்கு உப்பு போட்டியா?"

"இல்லக்கா."

என்னையே பார்த்தார். பிறகு "சரி" என்றார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் மேல்மண்ணை வழித்து எடுத்தார். வரப்பை உயர்த்தினார். மழைக்காலம் முடிந்ததும் மறுபடி விதைத்தார், மறுபடி வந்தது. நான் சொன்னதை நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. அப்படிக் கேட்ட மறுநாளும் வந்து, "ஒன் தண்ணிய குடு" என்று கையை நீட்டினார். அப்போதும் ருசி பார்க்கவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன்.

சாவு வீட்டில் கால் வைக்க இடமில்லை. பிள்ளைகள் யூனிஃபார்மோடு வந்து தேம்பினார்கள். பர்வீனின் அம்மா சுவரில் சாய்ந்து அழுதார். நான் செத்தால் இத்தனை பேர் வருவார்களா என்று பிணத்தின் தலைமாட்டில் நின்றே எண்ணிப் பார்த்தேன். என் புத்தி அப்படி.

தோட்டத்தை இனி நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பள்ளியில் சொல்கிறார்கள். அக்காவின் கை ராசி எனக்கு வராது என்று பிள்ளைகள் கவலைப்படுகிறார்கள். பிள்ளைகளே, அவர் கையில் ஒரு குறையும் வந்ததில்லை. அந்தப் பாத்தியைக் கெடுத்தது டேனரித் தண்ணீரும் இல்லை. இதைப் படித்த பிறகு அந்த வேலையை என்னிடம் கொடுப்பதா வேண்டாமா என்று நீங்களே சொல்லுங்கள்.

வாய்க்கரிசி போடும்போது அவர் காதருகே குனிந்தேன். மகள் பக்கத்தில் நின்றாள். தழும்பு விழுந்த அந்தக் கைகளை வயிற்றின் மேல் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு, அரிசியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன்.

அக்கா, உப்பு போட்டேன். ஆறு நாளும் போட்டேன். போய் வாருங்கள்.