மூன்றாம் வரியில் இருந்த பெயர்

ஞாயிறு காலை. கட்டடத்தின் நிலக்கீழ் சலவை அறையில் உடுப்புகளை மெஷினுக்குள் திணித்துக்கொண்டிருந்தபோது, எட்டாம் மாடி டோனா வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். என் நாட்டுக்குப் புதிய ஜனாதிபதி வந்திருப்பதாக வானொலியில் கேட்டாளாம். “கொங்கிராஜுலேஷன்ஸ்” என்றாள். பரீட்சையில் தேறியவனைப்போல நானும் “தாங்க் யூ” என்றேன். வென்றவருக்கு நான் வாக்குப் போடவில்லை, தோற்றவருக்கும் போடவில்லை. இருபது வருடத்துக்கு மேலாக ரொறன்ரோவில் இருப்பவனுக்கு அங்கே ஏது வாக்கு? இதையெல்லாம் அவளுக்கு விளங்கப்படுத்த எனக்குத் தெம்பில்லை.

முதல் நாள் பின்னேரத்திலிருந்தே வாட்ஸப்பில் மாவட்டம் மாவட்டமாக முடிவுகள் வந்து விழுந்தபடி இருந்தன. இந்த ஊரில் நாங்கள் எல்லோரும் பெரிய ஆய்வாளர்கள். யார் யாரோடு சேர்ந்திருந்தால் யார் வென்றிருப்பார் என்று அஜக்ஸிலிருந்து ஒருவர் எழுதுவார், வோபர்னிலிருந்து நான் மறுப்பேன். இந்தமுறை நான் எதுவும் எழுதவில்லை. அங்கே தேர்தல் முடிவு வரும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது ஒரேயொரு தொலைபேசி அழைப்புத்தான்.

அது 2005. அப்போது நான் இதே நகரில் சென் ஜேம்ஸ் ரவுணில், பத்தொன்பதாம் மாடியில், நான்கு பேரோடு ஓர் அறையில் இருந்தேன். கிளிநொச்சியில் அண்ணா பள்ளிக்கூட ஆசிரியர். அந்த ஜனாதிபதித் தேர்தலைப் புறக்கணிக்கும்படி எங்கள் பக்கத்தில் சொல்லியிருந்தார்கள். அண்ணாவுக்கு அதில் மனம் ஒப்பவில்லை. “ஓமந்தைக்கு, ஆமிப் பக்கம் போனால் போடலாமாம். ஒருக்காப் போய்ப் பாக்கட்டோ?” என்று கேட்டார். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர், என்னிடம் கேட்டார். வெளிநாட்டில் இருப்பவனுக்கு உலகம் தெரியும் என்று நம்பினார்.

“விசர்க்கதை கதையாதையுங்கோ அண்ணா. ஆர் வந்தாலும் எங்களுக்கு ஒண்டுதான். போகாதையுங்கோ” என்று கத்தினேன். சண்டை வந்தால் வரட்டும், அப்போதுதான் உலகம் எங்களைத் திரும்பிப் பார்க்கும் என்றும் சொன்னேன். கையில் கோப்பிக் கோப்பையோடு, ஹீட்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னேன்.

சொற்ப வாக்குகளால் ஒருவர் வென்றார். சண்டை வந்தது. அது முடிந்த நாட்களில், சனத்தோடு சனமாக வெளியே வந்த அண்ணாவை, அவர் மனைவி, என் மச்சாளின் கண்முன்னால் இராணுவத்தினர் ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். விசாரித்துவிட்டு விடுவதாகச் சொன்னார்கள். அவ்வளவுதான். அண்ணாவின் ஒரு வாக்கு எதையும் நிறுத்தியிருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த நாட்களில் என்னைப்போல எத்தனை தம்பிமார் இங்கிருந்து தொலைபேசியில் கத்தினார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

மெஷின் சுற்றத் தொடங்கியதும் மச்சாளுக்குப் போன் எடுத்தேன். அங்கே மாலையாகியிருந்தது. வாக்குப் போட்டீர்களா என்று கேட்டேன். “ஓம், போட்டனான். கொண்ணற்ற வோட்டுக் காட்டும் வந்தது” என்றார், அண்ணாவைச் சொல்லி. ஒவ்வொரு வருடமும் வாக்காளர் படிவத்தோடு ஊர் அலுவலரான விதானையார் வீட்டுக்கு வருவார். மச்சாள் ஒவ்வொரு வருடமும் அண்ணாவின் பெயரை முதல் வரியில் எழுதிக் கொடுப்பார். மரணப் பத்திரம் எடுக்கச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டும் அவர் எடுக்கவில்லை. அதனால் அண்ணாவுக்குத் தேர்தல்தோறும் வாக்காளர் அட்டை வருகிறது. மச்சாள் அவற்றை அலுமாரியில் அடுக்கி வைத்திருக்கிறார்.

இத்தனை வருடம் சொல்லாததை அன்றுதான் சொன்னேன். “மச்சாள், அண்டைக்கு அண்ணாவைப் போகவேண்டாமெண்டு சொன்னது நான்தான்.”

“தெரியும் தம்பி. பக்கத்திலதானே நிண்டனான்.”

கோபித்திருக்கலாம். ஏசியிருக்கலாம். அவர் வேறொன்று சொன்னார். “உங்களுக்கு ஒரு விசயம் சொல்லேல்லை. இவ்வளவு நாளும் உங்கட பேரையும் எழுதிக் குடுத்தனான், வந்தா உதவுமெண்டு. இந்தமுறை விதானையார் விடேல்லை. தம்பி வெளிநாட்டில, இனி வரமாட்டாரெண்டு உங்கட பேரை வெட்டிப்போட்டார். கொண்ணற்ற பேரிலயும் பேனையை வைச்சவர். நான் கையைப் பிடிச்சுப்போட்டன். அவர் இஞ்சைதான் இருக்கிறாரெண்டு சொன்னனான்.”

வெட்டிய படிவத்தை அப்போதே படம் எடுத்து வைத்திருந்தாராம். அனுப்பினார். பார்த்துக்கொண்டு நின்றபோது உடுப்புக் கூடையோடு டோனா திரும்பவும் வந்தாள். என் கண்களைப் பார்த்தாள். “ஹாப்பி டியர்ஸ்!” என்று, ஆனந்தக் கண்ணீர் என நினைத்து, தோளில் தட்டினாள். நான் மறுக்கவில்லை.

இந்தக் கட்டடத்தின் தபால் பெட்டிக்கும், கனடாத் தேர்தல் வந்தால், என் பெயரில் அட்டை வரும். ஒருமுறைகூடத் தவறவிடாமல் போய்ப் போட்டிருக்கிறேன். யாரும் என்னைப் போகாதே என்று சொன்னதில்லை.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் வரியில், குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அண்ணா. இரண்டாம் வரியில் மச்சாள். மூன்றாம் வரியில் சிவப்புப் பேனையால் வெட்டப்பட்டு நான். அந்த வீட்டில் இப்போது இரண்டு பேர் இருக்கிறார்கள்.