அக்கா இலை உருவிய ஆப்பிள் மரங்கள்

என் கணவரின் அண்ணியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஜவ்வாது மலையில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் பின்னால் ஒரே கொல்லை. தோட்டம் என்பதைவிடச் சின்னக் காடு என்று சொல்லலாம். உயரத்தில் பலாவும் சில்வர் ஓக்கும், அவற்றில் ஏறிய மிளகுக்கொடி, கீழே கொய்யா, சீத்தா, எலுமிச்சை, தரையெல்லாம் மஞ்சளும் சேப்பங்கிழங்கும். இதற்கு நடுவில் வைக்க அக்கா இரண்டு ஆப்பிள் ஒட்டுக்கன்றுகளைப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். எல்லோரும் சிரித்தோம்.

"ஆப்பிளுக்கு ஐஸ் கொட்டணும் அண்ணி. இங்க இன்னா கொட்டுது?" என்றார் என் கணவர்.

"வெச்சிப் பாக்கலாம். வராட்டி போவுது."

வெயில் விழ வேண்டுமென்று சில்வர் ஓக்கின் கிளைகளைக் கழிக்கச் சொன்னாள். சருகை அள்ளி அடியில் மெத்தைபோல் போட்டாள். மரங்கள் எங்கள் தலைக்கு மேல் வளர்ந்தன. பூ மட்டும் வரவில்லை. வெட்டிவிட்டுக் காப்பிச்செடி வைக்கலாம் என்று அவள் கணவர் வருஷா வருஷம் சொன்னார்.

ஒருநாள் போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு ஓடிவந்தாள். "குளிர் ஊருல இலையெல்லாம் கொட்டிட்டு மரம் தூங்குமாம்டி. எழுந்திருக்கும்போதுதான் பூ வைக்குமாம். நம்ம மரம் தூங்கவே இல்ல, அப்புறம் எப்படிப் பூக்கும்?"

மார்கழிக் குளிரில் நானும் அவளும் ஏணி போட்டு ஒவ்வொரு இலையாக உருவினோம். ஆலங்காயம் போய்விட்டு வந்த அவள் கணவர் மொட்டை மரங்களைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"ஆடு மேஞ்சிதா?"

"இல்லீங்க. தூங்க வெச்சிருக்கேன்."

அவர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார். அக்கா அசரவில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் சில நாள் கழித்து, அவள் தனியாக நின்று நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்ப்பதைக் கண்டேன். அவளுக்கும் பயம் இருந்திருக்கிறது. என்னைப் பார்த்ததும், "உள்ள பச்சையா கீதுடி, உசுரோடதான் கீது" என்றாள்.

தை முடிவதற்குள் மொட்டு வைத்தது. ரோஜா நிறத்தில் குவிந்து, விரியும்போது வெள்ளையாகிற பூ. வேலியோரத் தேன்பெட்டியின் தேனீக்கள் இரண்டு மரத்தையும் விட்டு நகரவில்லை. பார்த்துக்கொண்டே நின்றதில் அடுப்பில் வைத்திருந்த சாமைச்சோற்றை அடிபிடிக்க விட்டேன்.

பிஞ்சு விட்டதும் குரங்குகள் வந்தன. பழைய புடவைகளைக் கிழித்து நான் பைகள் தைத்துக் கொடுத்தேன். அக்கா காய்க்கு ஒன்றாகக் கட்டினாள். அப்படியும் பாதியைக் குரங்குகள் பிய்த்துக்கொண்டு போயின. "அதுங்களும் ஆப்பிளை எங்க பாத்திருக்கும்!" என்று சிரித்தாள். எனக்கோ அழுகை வந்தது. அந்த மனசு எனக்கு வராது என்று அன்று நினைத்தேன். இன்றும் வரவில்லை.

கோடையில் முதல் பழத்தை அறுத்து எல்லோருக்கும் கொடுத்தாள். கடைப்பழத்தைவிடச் சிறியது. மொறுமொறுவென்று, லேசான புளிப்போடு இருந்தது. அவள் கணவர் தின்றுவிட்டு மறுபடியும் கையை நீட்டினார்.

"எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டாள் அக்கா.

"இன்னொன்னு அறு, சொல்றேன்" என்றார்.