நான் திறந்துவிட்ட ஜன்னல்

என் மகள் உமா இன்று உயிரோடு இருப்பது அம்பாள் போட்ட பிச்சை. நடந்ததை மறைக்காமல் சொல்வதாக அன்று அம்பாளிடம் நேர்ந்துகொண்டேன். வெட்கத்தால் மூன்று வருடம் தள்ளிப்போட்டேன். இனியும் முடியாது. அவளை நம்பும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

1989 நவராத்திரி. சேலையூரில் ஒரே வீட்டுக்காரரின் இரண்டு போர்ஷன்களில் நாங்களும் மாயாவும் குடியிருந்தோம். மாயா நேபாளத்துப் பெண். கணவர் விமானப்படையில் வேலை. குழந்தை இல்லை. என் பதினொரு வயது உமா அவளுக்குக் குழந்தை மாதிரி ஆகிவிட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் பள்ளி ஆசிரியை. ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் கதை சொல்வேன். என் மகளுக்குக் கதை சொன்னது மாயா. ஆனி மாதம் நடவு நாளில் அவர்கள் ஊரில் எல்லோரும் வயலில் இறங்கிச் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு, தயிரும் அவலும் சாப்பிடுவார்களாம். உமா என்னிடம் தயிரில் அவல் கேட்டாள். எங்கள் பொங்கலன்றே அவர்களுக்கும் ஒரு பண்டிகை. கிழங்கும் நெய்யும் எள்ளுருண்டையும் அங்கே தின்றுவிட்டு வந்து, நான் வைத்த பொங்கலை வேண்டாம் என்றாள். தீபாவளியின்போது நாய்க்கு மாலை போடும் நாள் என்று, பூஜைக்கு வாங்கிய சாமந்தியைத் தெருநாய் கழுத்தில் போட்டாள்.

"நாயும் வயலுக்குக் காவல்தானே, அதுக்கு ஒரு நாள் நன்றி சொல்லணும்னு மாயா ஆன்ட்டி சொன்னாங்க."

"நான் தினமும் காக்காய்க்குச் சோறு வைக்கிறேனே, அது தெரியலையா உனக்கு?"

"நீ வைக்கற. ஏன்னு சொல்லவே இல்லையே."

அந்தப் பதில் முள் மாதிரி உள்ளே தங்கிவிட்டது.

அந்த நவராத்திரியின் முதல் நாள் மாயா மண்சட்டியில் மணலைப் பரப்பிப் பார்லி விதைத்தாள். அவர்கள் ஊரில் அப்போது நெல் பழுக்கும் காலம். முளை எப்படி வருகிறதோ அப்படி அடுத்த விளைச்சல் என்பது நம்பிக்கை. வெளிச்சமே படாத அறையில் வைத்தால்தான் முளை மஞ்சளாக வளரும். பத்தாம் நாள் பெரியவர்கள் சின்னவர்களின் நெற்றியில் தயிரும் குங்குமமும் கலந்த 'டீகா' அரிசியை வைத்து, அந்த மஞ்சள் முளையைத் தலையில் சூட்டி ஆசீர்வதிப்பார்கள். தினமும் குளித்துவிட்டு இருட்டில் தண்ணீர் தெளிக்கும் பொறுப்பை மாயா உமாவிடம் கொடுத்தாள். என் கொலுப் படி பக்கம் உமா எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த அறையின் ஜன்னல் எங்கள் பக்கத்துச் சந்தில் இருந்தது. ஐந்தாம் நாள் மதியம் நான் அதன் கதவை இழுத்துத் திறந்தேன். சாயங்காலம் உமா பார்ப்பதற்குள் மூடினேன். தினமும் அதையே செய்தேன். செய்துவிட்டு வந்து கொலுவுக்கு விளக்கும் ஏற்றினேன்.

விஜயதசமி காலையில் சட்டியை வெளியே எடுத்தார்கள். பச்சைப் பசேல் என்று இருந்தது. மாயா சிரித்துக்கொண்டே, "பரவால்ல, பச்சையும் நல்லதுதான்" என்றாள். உமா அழுதாள். "நான்தான் ஜன்னலைச் சரியா மூடல."

நான் சொன்னேன்: "ஒரு வேலையாவது உருப்படியா செய்யத் தெரியுதா உனக்கு?"

இதை எழுதும்போது கூசுகிறது. ஆனாலும் சொன்னேன்.

சற்று நேரத்தில் உமா வீட்டில் இல்லை. மாயா வீட்டில்தான் இருப்பாள், தானே வரட்டும் என்று வீம்பாக உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் போனது. மாயா குங்கும அரிசித் தட்டோடு வந்து, "அக்கா, உமா எங்க? டைம் ஆச்சு" என்றாள்.

உமா அங்கேயும் இல்லை. என் கணவர் தாம்பரம் ஸ்டேஷனுக்கு ஓடினார். நான் தெருத் தெருவாகக் கேட்டேன். இஸ்திரி வண்டிக்காரர், "இந்தப் பக்கம் வர்லக்கா. இன்னாத்துக்கு பேஜார் ஆவுற? எங்கனா வெளாடிக்கினு கீதோ இன்னாவோ" என்றார். மழை பிடித்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்து கொலு முன் விழுந்தேன். "தாயே, ஜன்னலைத் திறந்தது நான். என்னை என்ன வேண்டுமானாலும் செய். குழந்தையைக் காப்பாற்று. நடந்ததை மறைக்காமல் எல்லோரிடமும் சொல்கிறேன்" என்று கதறினேன். கதறும்போதே ஒன்று உறைத்தது. அம்பாளுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே. தெரியாதவள் பக்கத்தில் நிற்கிறாள். எழுந்து மாயாவின் கையைப் பிடித்துச் சொன்னேன்.

"அந்த ஜன்னலை தினமும் நான்தான் திறந்துவிட்டேன். பொறாமையில."

மாயா திட்டவில்லை. திடீரென்று அவள் முகம் மாறியது.

"அக்கா! காலையில கேட்டா, மஞ்ச புல்லு வேற எங்க கிடைக்கும்னு. நான் சும்மா சொன்னேன், தகரம், பலகை எதுனா ரொம்ப நாள் கிடந்தா அதுக்குக் கீழே இருக்கும்னு..."

ஏரிக்கரையில் பழைய தகரங்கள் கிடந்தன. இருவரும் ஓடினோம்.

உமா இடுப்பளவு சேற்றில் புதைந்திருந்தாள். கரை சரிந்து தகரத்தோடு வழுக்கி விழுந்திருக்கிறாள். ஒரு கை தகரத்தின் விளிம்பைப் பிடித்திருந்தது. மழைநீர் ஏறிக்கொண்டிருந்தது. மாயா தன் போர்வைத் துணியை வீசினாள். நான் படுத்து உமாவின் மணிக்கட்டைப் பிடித்தேன். இழுத்து மேலே போட்டபோது அவளது மறு கைக்குள் ஒரு பிடி மஞ்சள் புல் கசங்கியிருந்தது.

மடியில் போட்டுக்கொண்டு சொன்னேன்: "உன் தப்பு இல்லடி. ஜன்னலைத் திறந்தது அம்மா."

 "உனக்காகத்தாம்மா வளர்த்தோம்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. மாயா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "டீகா பெரியவங்கதான் வைக்கணும். எங்கம்மா அங்க இருக்கு. இங்க எனக்கு யாரு? நீங்க எனக்கு வெச்சு விடணும்னு கேக்கலாம்னு இருந்தோம். நீங்க கோவிப்பீங்கன்னு பயம்."

அன்று சாயங்காலம் என் கொலுவின் முன் மாயா உட்கார்ந்தாள். அவள் நெற்றியில் அரிசியை வைத்தேன். பச்சை முளையையும் உமாவின் மஞ்சள் புல்லையும் சேர்த்துத் தலையில் சூட்டினேன். அவள் அழுதாள். நானும்தான்.

இன்றும் மழை வந்தால் வாசலுக்குப் போய் உமாவின் செருப்பு இருக்கிறதா என்று பார்க்கிறேன். அந்தப் பயம் போகவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுச் சிரிப்புச் சத்தம் கேட்டு வயிறு எரிந்த அந்தப் பெண்ணை அம்பாள் அன்றே என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாள். அன்பர்களே, அவளிடம் வரம் கேட்கப் போகும் முன், யாருக்குத் தீங்கு செய்தீர்களோ அவர்களிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். பதில் அங்கேயே கிடைக்கலாம். எனக்குக் கிடைத்தது.

போன வருடம் மாயாவின் கணவருக்கு வடக்கே மாற்றல் ஆகிவிட்டது. இந்த நவராத்திரிக்கு உமாவும் நானும் பார்லி விதைத்திருக்கிறோம். ஜன்னலுக்கு நானே அட்டை வைத்து ஆணி அடித்தேன். முளை மஞ்சளாக வந்ததும், குங்கும அரிசியோடு ஒரு உறையில் போட்டு மாயாவுக்கு அனுப்ப வேண்டும். அவளுக்குப் பெரியவள் நான்தானே.