முந்திக்கொண்டு கட்டிய கடன்

வங்கிக் கடிதம் வந்த அன்று தமிழ்மொழி கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் டியூட்டியில் இருந்தாள். சங்கராபுரம் பக்கத்துக் கிராமத்தில் அவள் அம்மா செவ்வந்திதான் அதை வாங்கினாள். மகள் நர்சிங் படிக்க எடுத்த மூன்றரை லட்சம் கல்விக்கடன் பற்றிய கடிதம், முழுக்க ஆங்கிலம். தபால்காரர் "பேங்க் லெட்டரு" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கரும்பு வெட்டிப் பிழைக்கிறவளுக்கு வங்கி என்றால் ஒரே அர்த்தம்தான். ஜீப்பில் வருவார்கள், வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள், மானம் போகும். புருஷன் போய் ஆறு வருடம் ஆகிறது, பேசி அனுப்ப ஆளில்லை. மகளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இப்போதுதான் சம்பளம் என்று ஒன்றைக் கண்ணால் பார்க்கிற பிள்ளை, அதை எதற்குத் தொந்தரவு செய்வது என்று கேட்கவில்லை. தெருவில் நாலு பெண்களோடு சேர்ந்து வாரத் தவணைக்குக் கடன் தரும் குழுவில் தன் பங்காக நாற்பதாயிரம் வாங்கி, அப்படியே கொண்டுபோய் மகளின் கடன் கணக்கில் கட்டிவிட்டாள். ரசீதை மஞ்சள்தூள் டப்பாவுக்கு அடியில் பத்திரப்படுத்தினாள்.

அடுத்த மாதம் லீவில் வந்த தமிழ்மொழி வியாழக்கிழமை காலையில் எழுந்தபோது, வாசலில் பாய் விரித்து அம்மாவையும் சேர்த்து ஐந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பைக்கில் வந்த வசூல்காரர் காசிநாதன் அம்மாவிடம் ஆயிரம் ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா இது?"

"உன் கடன்தாண்டி. நான் பாத்துக்கினுதான் கீறேன், நீ வுடு."

தமிழ்மொழி கடிதத்தைத் தேடி எடுத்துப் படித்தாள்.

"அடுத்த ஜூன்லேர்ந்துதான் தவணைன்னு எழுதிக்கிறாங்கம்மா. இப்ப ஒரு பைசா கட்ட வேணாம். கம்மி வட்டிக் கடனை அடைக்க ஜாஸ்தி வட்டிக்கு வாங்கிக்கினு வந்துக்கிற."

செவ்வந்தி மஞ்சள்தூள் டப்பாவை நகர்த்தி ரசீதை எடுத்து நீட்டினாள். தமிழ்மொழிக்குக் கோபம் வந்தது, அதைவிட அதிகமாக அழுகை வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு மறுநாள் வங்கிக்குப் போனாள். கட்டிய பணம் திரும்பாது, ஆனால் ஜூன் வரைக்கும் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்று மேனேஜர் அம்மா தெளிவாகச் சொன்னார். ஒன்பது மாதம் கையில் இருந்தது. அதற்குள் வாரக்கடனை முடித்தாக வேண்டும். ஜூனுக்குப் பிறகு இரண்டும் சேர்ந்து வந்தால் என்றாவது ஒரு வியாழன் தவறும். தவறினால் மற்ற நாலு பேரும் தங்கள் கூலியிலிருந்து போட வேண்டும், அப்புறம் அம்மா அந்தத் தெருவில் தலைநிமிர முடியாது.

கல்வராயன் மலை மேல் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்பந்த நர்ஸ் வேலை காலியாக இருந்தது. சம்பளம் பதினெட்டாயிரம், தங்க இடம் இலவசம். டவுன் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு, அதில் நாலாயிரம் ஹாஸ்டலுக்கே போய்க்கொண்டிருந்தது. கூட வேலை பார்த்த சுபஸ்ரீ வாயைப் பிளந்தாள்.

"மலைக்காடி போற? அங்க டவரே கெடைக்காது."

"ஆன்லைன்ல எதுவும் வாங்க முடியாதில்ல? நல்லதாப் போச்சு."

சொன்னாளே தவிர, முதல் நாள் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தாள். மூன்றாம் வாரம் டாக்டர் வந்து சேர்வதற்குள் ஒரு பிரசவத்தைத் தனியாகப் பார்த்தாள். குழந்தை வீறிட்டதும் துடைத்துத் தாயின் மார்பில் போட்டாள். தனக்கு வேலை தெரியும் என்று அன்றைக்குத்தான் அவளுக்கே நம்பிக்கை வந்தது. வேலை தெரிந்தவளுக்குக் கடன் என்ன பெரிய பூதமா? மாதாமாதம் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை அப்படியே சேர்த்தாள்.

மாசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் வாரக்கடனின் மொத்தப் பாக்கிப் பணத்தோடு வீட்டுக்கு வந்தாள். அதே பாய், அதே ஐந்து பெண்கள். காசிநாதன் எண்ணி முடித்து, கடன் தீர்ந்ததாகச் சீட்டு எழுதிக் கொடுத்தார். கையோடு பையிலிருந்து இன்னொரு படிவத்தை எடுத்தார்.

"கரெக்டா கட்னவங்களுக்கு எம்பதாயிரம் புதுக்கடன் தரச் சொல்லிக்கிறாங்க கம்பெனில, அக்கா. இங்க ஒரு கையெழுத்து."

தமிழ்மொழி வாயைத் திறப்பதற்குள் செவ்வந்தி பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"மொதல்ல இதுல இன்னா எழுதிக்கிதுன்னு படிச்சுக் காட்டுங்க தம்பி," என்றாள் செவ்வந்தி.

அவர் படித்தார். வட்டி வந்த இடத்தில் குரல் இறங்கியது.

"அத்த மட்டும் இன்னொருக்கா படிங்க. சத்தமா. இவங்களுக்கும் கேக்கட்டும்."

வேறு வழியில்லாமல் சத்தமாகப் படித்தார். நாலு பெண்களும் கேட்டார்கள். செவ்வந்தி பேனாவை மூடி அவர் கையிலேயே கொடுத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"எல்லாரும் எழுந்திரிங்கடி, பாயைச் சுருட்டணும்."