கேப்பை சோறாகுமா?

எங்கள் வீட்டுப் பிள்ளையின் வாயில் முதல் சோறு விழ வேண்டுமென்றால், குவைத்தில் ஒருவருக்கு லீவு கிடைக்க வேண்டும். அம்மாவின் தம்பி, எங்களுக்குத் தாய்மாமன், அங்கே ஏசி மெக்கானிக்காக இருந்தார். குலசாமி கோயிலில் மாசிக் களரித் திருவிழா நடக்கும்போது பிள்ளையை மடியில் உட்கார வைத்து, பொங்கச் சோற்றை அவர் கையால் எடுத்து அதன் நாக்கில் வைக்க வேண்டும். அதற்கு முன் ஒரு பருக்கை உள்ளே போகக் கூடாது. போனால் சாமிக்கு ஆகாது, மாமனுக்கு மரியாதை இல்லை, பிள்ளைக்குக் காலத்துக்கும் தாய்மாமன் துணை இருக்காது. இதெல்லாம் எந்தக் கல்வெட்டிலும் பொறித்திருக்கவில்லை. அத்தை சொன்னாள், எங்கள் வீட்டுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அத்தை, அய்யாவுக்கு அக்கா. உச்சிப்புளியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் ஊரில், அடுத்த தெருவிலேயே வாக்கப்பட்டிருந்தாள். குடும்பம் அங்கே, நிர்வாகம் இங்கே. அவள் பேச்சுக்கு அய்யா மறுபேச்சு பேசி நான் பார்த்ததில்லை. வீட்டில் ஏதாவது வம்பு முளைத்தால் அய்யாவுக்கு உடனே வயலில் அவசர வேலை வந்துவிடும். எங்கள் வயலில் அந்த வருடம் பயிர் நன்றாக விளைந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. தங்கை வைகாசியில் பிறந்தவள். கார்த்திகையில் அவளுக்கு ஆறு மாதம் முடிந்தபோது களரிக்கு இன்னும் மூன்று மாதம் கிடந்தது. மாமா வெள்ளிக்கிழமைதோறும் போனில் வருவார். கட்டாயம் வந்துவிடுவதாகவும், பிள்ளைக்கு மோதிரம் எடுத்து வைத்திருப்பதாகவும், கம்பெனிக்காரன் மனசு வைக்க வேண்டியதுதான் பாக்கி என்றும் சொல்வார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். எங்கள் பூசாரி குவைத்தில் இருந்தான்.

தங்கைக்கோ பசி. நாளெல்லாம் களையெடுத்துவிட்டு வரும் அம்மாவிடம் பாலும் முன்பு மாதிரி இல்லை. அழுத பிள்ளைக்குப் பால் கிடைக்கும் என்பார்கள், இவள் அழுது பார்த்துவிட்டு வேறு வழி தேடினாள். பாயின் ஓரத்தைத் தின்றாள். என் பள்ளிக்கூட டையைத் தின்றாள். செருப்பு வாரை அவள் வாயிலிருந்து பிடுங்குவது எனக்கு அன்றாட வேலை ஆயிற்று. நாங்கள் சாப்பிட உட்கார்ந்தால் தட்டிலிருந்து வாய்க்குப் போகும் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அய்யா வாயைத் திறந்தால் இவளும் திறப்பாள், அய்யா மூடினால் இவளும் மூடுவாள். பார்க்கச் சகிக்காமல் அய்யா அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடப் பழகிக்கொண்டார்.

அங்கன்வாடி டீச்சர் அவளைத் தொங்கு தராசில் போட்டுப் பார்த்துவிட்டு, இனிமேல் தாய்ப்பால் மட்டும் பத்தாது, மசித்ததை ஊட்ட ஆரம்பி என்று அம்மாவிடம் சொன்னார். சத்துமாவுப் பாக்கெட்டும் கொடுத்தார். அந்த டீச்சரா வந்து சாமிக்குப் பதில் சொல்வாள் என்று கேட்டு, அத்தை அந்த மாவைக் குட்டி போட்டிருந்த ஆட்டுக்குக் கரைத்து வைத்துவிட்டாள். ஆடு நன்றாகத் தேறியது.

ஒரு நாள் மதியம் நான் சாப்பிட்டு எழுந்த இடத்தில் ஒரு பருக்கை சிந்திக் கிடந்திருக்கிறது. தங்கை தவழ்ந்து போய் அதை இரண்டு விரலால் பொறுக்கி வாயில் போட்டுவிட்டாள். அத்தை எங்கிருந்துதான் பார்த்தாளோ, பாய்ந்து வந்து தாடையைப் பிடித்துத் திறந்து, ஆள்காட்டி விரலை உள்ளே விட்டுத் துழாவி அந்தப் பருக்கையை வெளியே எடுத்தாள். முந்தானையில் துடைத்துக்கொண்டு, நல்லவேளை உள்ளே போகவில்லை என்று கிழக்கே பார்த்துக் கும்பிட்டாள். தங்கை அழவில்லை. வாய்க்குள் வந்த அந்த விரலை விடாமல் சப்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். வயலிலிருந்து திரும்பிய அம்மா சேற்றுக் காலோடு வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா மறுநாள் உச்சிப்புளிக்கு நடந்து போய் இரண்டு கிலோ கேப்பை வாங்கி வந்தாள். கல் பொறுக்கி, அலசி, ஊற வைத்து, ஈரத்துணியில் முடிந்து அடுப்படி ஆணியில் தொங்கவிட்டாள். அது வெள்ளையாக முளைவிட்டதும் மிக்ஸியில் தண்ணீர் விட்டு அரைத்தாள். அய்யாவின் பழைய வேட்டியைக் கிழித்து, அதில் ஊற்றி நான் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் பிடித்துப் பிழிந்தோம். பிழிந்து வந்த பாலை அடுப்பில் வைத்து, கை எடுக்காமல் கிண்டினாள். கிண்டக் கிண்ட அது பளபளவென்று திரண்டது. அதில் சுண்டுவிரல் நகம் அளவு கருப்பட்டி போட்டாள்.

முதல் கரண்டியைத் தங்கை துப்பினாள். வேப்பங்காயைக் கடித்தவள் மாதிரி முகத்தைக் கோணினாள். இரண்டாவதில் யோசித்தாள். மூன்றாவதற்குக் கரண்டி வரும் வரை பொறுக்காமல் இரண்டு கையாலும் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். சட்டியைச் சுரண்டித் தின்னும் உரிமை எனக்கு வந்து சேர்ந்ததால் நானும் முழு மனதோடு அம்மா கட்சியில் சேர்ந்தேன்.

அம்மா நினைத்திருந்தால் இதையெல்லாம் யாருக்கும் தெரியாமல் செய்திருக்கலாம். ஆனால் கேப்பைக் கறை படிந்த அந்தத் துணியை அலசி, கொல்லைப்புறக் கொடியை விட்டுவிட்டு, தெருவைப் பார்த்த கொடியில் காயப்போட்டாள். அது கொடியேறியது மாதிரி அங்கே ஆடிக்கொண்டிருந்தது. அத்தை வருவதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

“பிள்ளைக்குச் சோறு வச்சிட்டியா?”

“கேப்பை எப்ப மதினி சோறாச்சு?” என்றாள் அம்மா.

எங்கள் பக்கத்தில் சோறு என்றால் நெல்லுச் சோறுதான். மற்றதெல்லாம் கூழ், களி, கஞ்சி. அத்தையே எங்கள் வீட்டில் இரண்டு செம்பு கூழைக் குடித்துவிட்டு, இன்னும் சோறு தின்னவில்லை என்று அடுத்த வீட்டில் போய்ச் சொல்கிறவள். தன் வாய்ச் சொல்லிலேயே மாட்டிக்கொண்டு அவள் என் பக்கம் திரும்பினாள். பிள்ளை பொய் சொல்லாது என்று நினைத்திருப்பாள். நான் பொய் சொல்லவில்லை. கேப்பைக்கூழ்தான் கொடுத்தோம், அது சோற்றில் சேர்த்தி இல்லை என்று அத்தைதானே சொல்லும் என்றேன். தலையில் ஒரு கொட்டு விழுந்தது. வலித்தாலும் அது வெற்றி பெற்றவர்களுக்கு விழும் கொட்டு என்று எனக்குத் தெரிந்தது.

அதன் பிறகு அம்மாவுக்குத் துணிச்சல் கூடிவிட்டது. சீனிக்கிழங்கை அவித்து மசித்தாள். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்தாள். பாம்பனிலிருந்து பைக்கில் வரும் மீன்காரரிடம் ஊளி மீன் ஒரு துண்டு வாங்கி, அவித்து, முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்துவிட்டு உதிர்த்துக் கொடுத்தாள். கேட்டால் எதுவும் சோறில்லை. தங்கையின் கையில் மடிப்பு விழுந்தது, செருப்பு வார் பிழைத்தது. அத்தை தினமும் வந்து சட்டியை முகர்ந்துவிட்டுப் போனாள்.

மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை அத்தை அய்யாவின் போனை வாங்கி, குவைத்துக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தாள். மாமா திருப்பிக் கூப்பிட்டதும் ஸ்பீக்கரில் போட்டு, இங்கே நடப்பதையெல்லாம் சொல்லி, உன்னை மதிக்க இந்த வீட்டில் ஆளில்லை தம்பி என்று முடித்தாள். அய்யா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மாமாவின் குரல் இறங்கிவிட்டது. எனக்கு முன்னாடியே எல்லாம் ஆகிவிட்டதென்றால் நான் எதற்கு வர வேண்டும் என்று கேட்டார். அம்மா அதுவரை பொறுமையாகத்தான் இருந்தாள். போனை வாங்கி, டீச்சர் சொன்னதைச் சொன்னாள், எடையைச் சொன்னாள், பிள்ளை பாயைத் தின்றதைச் சொன்னாள். மாமா அதற்குள் நுழையவே இல்லை. மரியாதை, மரியாதை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஏலே, உனக்கு லீவு கிடைக்கிற அன்னைக்கா இவளுக்குப் பசிக்கும்?” என்றாள் அம்மா.

மாமா போனை வைத்துவிட்டார். அத்தைக்கு அது தீர்ப்பு வந்தது மாதிரி ஆயிற்று. இனியாவது எல்லாவற்றையும் நிறுத்து, களரிக்கு அவன் வரும்போது காலில் விழு, சாமி பொறுத்துக்கொள்ளும் என்று வழி சொன்னாள். அம்மா தங்கையைத் தூக்கி என் இடுப்பில் வைத்தாள். அடுப்படிக்குப் போய் அரிசிப் பானையைத் திறந்தாள்.

கேப்பைதான், கிழங்குதான் என்று மழுப்பியதெல்லாம் அன்றோடு முடிந்தது. ஒரு பிடி அரிசியும் கொஞ்சம் பருப்பும் போட்டுக் குழைய வைத்து, கரண்டியின் முதுகால் மசித்து, நெய் விட்டாள். அத்தை பின்னாலேயே நின்று, மார்கழி என்றாள், செவ்வாய்க்கிழமை என்றாள், இந்த வீட்டில் இதுவரை நடக்காதது என்றாள். அம்மா கிண்ணத்தோடு வாசலுக்கு வந்து, தெருவைப் பார்க்க உட்கார்ந்து, தங்கையை மடியில் வாங்கிக்கொண்டாள்.

“தாய்மாமன் இல்லாம எந்தப் பிள்ளைக்காவது சோறு ஊட்டியிருக்காகளா?” என்று அத்தை தெருவுக்கே கேட்கும்படி கேட்டாள்.

“தாய்மாமன்னு சொல்றீகள்ல, அதுல தாய்தான் மதினி முன்னால நிக்கிது. மாமன் பின்னாலதான்.”

அத்தை கிண்ணத்தைப் பிடுங்கக் கையை நீட்டினாள். அம்மா கிண்ணத்தை நகர்த்தவில்லை. குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டாள்.

“மூத்தவளுக்குக் காத்திருந்தேன். நீங்களுந்தான் கூட இருந்தீக. போதும் மதினி.”

நீட்டிய கை கீழே இறங்கியது. தங்கை முதல் உருண்டையை விழுங்கிவிட்டு அடுத்ததற்கு வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். அய்யா என்ன நினைத்தாரோ, பாதி வழியில் திரும்பி வந்துவிட்டார். மண்வெட்டியைச் சாத்திவிட்டு அம்மா பக்கத்தில் குத்தவைத்து, துண்டால் ஈ ஓட்டினார். அய்யா தன் வாழ்நாளில் செய்த கலகம் அதுதான். கிண்ணம் காலியாகும் வரை அத்தை தூணோரம் நின்றாள். பிறகு தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மாமா அந்தக் களரிக்கு வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை. பிறகு வந்தபோது எனக்கு வாட்ச் கொண்டுவந்தார், தங்கைக்கு ஒன்றும் இல்லை. அம்மா அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அன்று அவள் செய்தது சரி என்று நான் இன்றும் யாரோடும் வாதாடுவேன், தேவைப்பட்டால் மாமாவோடும்.

ஆனால் அன்று நான் கேட்டதும் புரிந்துகொண்டதும் வேறு. மூத்தவளுக்குக் காத்திருந்தேன் என்று அம்மா சொன்னதை எனக்குக் கிடைத்த பட்டமாக எடுத்துக்கொண்டேன். நான் ஒசத்தி, எனக்காக எல்லோரும் காத்திருந்திருக்கிறார்கள், கோயிலில் மாமா மடியில் உட்கார்ந்து நான் சோறு தின்றிருக்கிறேன். தங்கைக்கு வாசலில், செவ்வாய்க்கிழமையில், ஈ ஓட்டிக்கொண்டு நடந்துவிட்டது. அத்தை கையை இறக்கியதுகூட என் பெருமையை நினைத்துத்தான் என்று முடிவு செய்தேன்.

எனக்கு மகன் பிறந்து, அவனுக்காக நான் கேப்பையை ஊறப்போட்ட அன்றுதான் அம்மா வாய் திறந்தாள். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது, அதனால் யார் ஊட்டுவது என்ற வழக்கே எழவில்லை. எனக்கு முதல் சோறு ஊட்டப் பத்து மாதம் வரை காத்திருந்தார்களாம். எட்டாவது மாதத்தில் எனக்கு அழவும் தெம்பில்லாமல் போய், கழுத்து துவண்டு, அத்தைதான் என்னை மடியில் போட்டுக்கொண்டு அம்மாவோடு ராமநாதபுரம் பஸ் ஏறியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் கையில் நரம்பு கிடைக்காமல் தலையில் ஊசி குத்தி குளுக்கோஸ் ஏற்றினார்களாம். பெத்தவதானா நீ என்று டாக்டர் அம்மாவைக் கேட்டாராம். வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகும், களரி பக்கத்தில் வந்துவிட்டது என்று, மறுபடியும் காத்திருந்தார்களாம். இதைச் சொல்லும்போது அம்மா அழுதாள். எனக்கும் தாங்கவில்லை.

எட்டு வயதில் இது ஒன்றும் எனக்குத் தெரியாது. தங்கையோடு சண்டை வரும்போதெல்லாம், எனக்காக அம்மா காத்திருந்தாள், உனக்காகக் காத்திருக்கவில்லை என்று சொல்லிக் காட்டுவேன். அது காதில் விழுந்தால் அம்மாவின் கை, அரிந்துகொண்டிருக்கும் காயில் அப்படியே நின்றுவிடும். பெருமையில் நிற்கிறது என்று நினைத்து, இன்னும் சத்தமாகச் சொல்வேன்.