அக்கா மாடுகளைக் குளிப்பாட்டிய நாள்

என் அக்காவைப் போல வீம்பு பிடித்த பிறவியை நான் பார்த்ததில்லை. மாமா போன பிறகு எட்டு மாடுகளையும் ஒற்றை ஆளாக வைத்துக் காப்பாற்றினாள். ஒருவரிடமும் கையேந்தியதில்லை. "என் மாட்டைப் பாத்து எவனும் எலும்பை எண்ணக் கூடாது" என்பாள். மானம், ரோஷம் எல்லாம் அவளுக்கு மாட்டின் வயிற்றில்தான் இருந்தது.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மேய்ச்சல் நிலம் கட்டாந்தரையாகிவிட்டது. மேய்ச்சல் கருகியவர்களுக்கு அரசாங்கம் தீவன நிவாரணம் தருகிறது என்று கேள்விப்பட்டு, நாயாய் அலைந்து மனுப் போட்டவன் நான். அது கிடைக்காவிட்டால் மாடுகளை விற்றாக வேண்டும். அடிமாட்டு விலை பேசி வியாபாரி லாரியோடு காத்திருந்தான்.

ஆபீசர் பார்வையிட வருகிறார் என்றதும் டவுனிலிருந்து ஓடினேன். போய்ப் பார்த்தால், அட கடவுளே! எட்டு மாடுகளும் பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காத்திருப்பதுபோல் நிற்கின்றன. தேய்த்துக் குளிப்பாட்டி, கொம்பில் எண்ணெய் தடவி, வயிறு புடைக்கத் தின்ன வைத்திருக்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உனக்கு மூளை இருக்கா? பஞ்சத்தைக் காட்டச் சொன்னா கண்காட்சி நடத்துறியே!"

"போடா. வெளியாளு வர்றப்ப அழுக்கு மாட்டையா காட்டுவாங்க?"

கொட்டகையில் வெயில் அடித்தது. நிமிர்ந்து பார்த்தேன். வைக்கோல் கூரையைக் காணோம், வெறும் மூங்கில் கழிகள்தான் இருந்தன. கேட்டதற்கு, "மாத்தணும்னு பிரிச்சேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆபீசர் நல்ல மனிதர்தான். நிலத்தைச் சுற்றிப் பார்த்து உச்சுக் கொட்டினார். கொட்டகைக்கு வந்ததும் முகம் மாறியது.

"ஏம்மா, நிலம் காஞ்சிருக்கு, சரி. மாடு கொழுகொழுன்னு இருக்கே?"

"பின்னே? என் மாடாச்சே சார்!" அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"அப்ப தீவனம் கையிருப்பு இருக்கு. நிவாரணம் தேவையில்லைன்னுதானே நான் எழுதணும்?"

அப்போதுதான் தொட்டியைப் பார்த்தேன். மிச்சம் கிடந்த வைக்கோல் மழையிலும் வெயிலிலும் கறுத்த பழைய வைக்கோல். இடையிடையே கூரை கட்டின கயிற்றுத் துண்டுகள். எனக்கு விளங்கிவிட்டது. வாயைத் திறக்கப் போனேன். அக்கா ஒரு முறை முறைத்தாள், மூடிக்கொண்டேன்.

ஆபீசர் பேனாவைத் திறந்தார். அக்கா மாடுகளைப் பார்த்தாள். சினையாக இருந்த கறுப்பி அவள் சேலையை நக்கிக்கொண்டிருந்தது.

"சார், கொஞ்சம் இருங்க" என்றாள். "கையிருப்பு ஒண்ணும் இல்லை. கூரையைப் பிரிச்சுப் போட்டேன். இன்னிக்குக் காலையில போட்டதுதான் கடைசி. நாளைக்கு இதுங்களுக்குப் போட எங்கிட்ட எதுவும் இல்லை."

ஆபீசர் நிமிர்ந்து கழிகளைப் பார்த்தார்.

"இதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானேம்மா?"

"எப்படிச் சார் சொல்றது? மாட்டுக்குப் போடத் துப்பில்லாதவன்னு ஆயிடாதா?"

மாமா செத்தபோதுகூட ஊர் பார்க்க அழாதவள், அதைச் சொல்லிவிட்டு அழுதாள். வந்ததும் வராததுமாக அவளைத் திட்டியதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆபீசர் எழுதி முடித்து, அதைப் படித்துக் காட்டி அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். "வாசல்ல லாரியோட நிக்கிற வியாபாரியைத் திருப்பி அனுப்பிடுங்க. இந்த வாரமே தீவனம் வரும். நான் பாத்துக்கிறேன்" என்றார்.

அவர் பைக் கிளம்பியதும் நான் துள்ளாத குறை. அக்கா மட்டும் கறுப்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"உன்னைப் பத்தி ஒண்ணும் குறையா எழுதலடி" என்று அதன் காதில் சொன்னாள். "என்னைப் பத்தித்தான் எழுதியிருக்காரு."