நாலு பக்கமும் அடைத்த மாட்டுக் கொட்டில்

எங்கள் ஊரான கதிரவெளியில் சண்டை நடந்த காலம். மேய்ச்சலுக்குப் போன எங்கள் மாடுகளெல்லாம் துப்பாக்கிச் சூடுபட்டும் களவு போயும் ஒழிந்தன. மிஞ்சியது பிள்ளைக்குப் பால் தந்த சிவலைப் பசு மட்டும்தான். அது எவர் கண்ணிலும் படக்கூடாதென்று என் கணவர் கொட்டிலின் நாலு பக்கத்தையும் தறப்பாள் சீலையால் கூரைவரை இறுக்கிக் கட்டினார்.

உள்ளே காற்றுப் புகவில்லை. சாணமும் மூத்திரமும் காயாமல் தரை எந்நேரமும் ஈரமாகவே கிடந்தது. அதிலேயே நின்று நின்று பசுவின் குளம்புகள் ஊறி, வெடித்து, அழுகி நாறின.

“காலை ஊன்றுதில்ல, ஒரு பக்கமாவது அவிழுங்க” என்றேன்.

“அவிழ்த்தா கொண்டு போயிருவானுகள்” என்றார்.

ஒருநாள் காலையில் ஷெல் குண்டுகள் விழத் தொடங்கியதும் ஊரே ஓடியது. பசு எழுந்து நின்றது, முழங்காலில் விழுந்தது. கணவர் கயிற்றைப் பிடித்து இழுத்தார், கம்பால் அடித்தார். அது கதறியதே தவிர நகரவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அந்த அவசரத்திலும் அவர் வாசல் தறப்பாளை இழுத்துக் கட்டிவிட்டே வந்தார்.

மாதங்கள் கழித்துத் திரும்பியபோது கட்டு அப்படியே இருந்தது. உள்ளே எலும்பு கிடந்தது. களவெடுக்க ஒருவரும் வரவில்லை.

இப்போது எங்கள் கொட்டிலுக்குக் கூரை மட்டும்தான். தரை காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தே மாட்டைக் கட்டுகிறேன்.

“மழை அடிக்குது, ஒரு பக்கம் மறைப்பமே” என்பார் அவர்.

“நனைஞ்சா நனையட்டும். ஓடக் கால் வேணும்” என்பேன்.